ஜிபூட்டியில் முதல் மூன்று மாதம்: புதிதாகப் போகிறவர்களுக்கு

ஜிபூட்டியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "அது எங்கே இருக்கு?" என்பதுதான். கப்பலில் வேலை பார்ப்பவர்களைத் தவிர நம்மில் பலருக்கு அந்தப் பெயரே புதிது. சரக்கு அனுப்பும் தொழிலில் நான் அங்கே சில வருடங்கள் இருந்தேன். புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் அதே விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அவற்றையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். துறைமுகம், கட்டுமானம், ஓட்டல், மருத்துவமனை என எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

ஒன்றை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் விளைவது மிகக் குறைவு. கடந்து போவது மிக அதிகம். அது ஒரு வாசல். சந்தையில் தக்காளி என்ன விலை, ஏன் சாலையெங்கும் லாரி, ஏன் இத்தனை நாட்டு ராணுவம், எதை ஏன் படம் பிடிக்கக் கூடாது என்று எதைக் கேட்டாலும் பதில் அந்த வாசலில் வந்து முடியும்.

1. வரைபடத்தை விரித்து வையுங்கள்

ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில், செங்கடல் ஏடன் வளைகுடாவைத் தொடும் இடத்தில் இருக்கிறது ஜிபூட்டி. எதிர்க்கரையில் ஏமன். இடையில் இருக்கும் நீரிணைக்கு பாப்-எல்-மன்டெப் என்று பெயர். அரபியில் 'கண்ணீர் வாசல்' என்று பொருள். குறுகலான இடத்தில் அகலம் 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஆசியாவிலிருந்து சூயஸ் கால்வாய்க்குப் போகும் எந்தக் கப்பலும் இந்தக் குறுகலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பரப்பளவு சுமார் 23,200 சதுர கிலோமீட்டர். இலங்கையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வடக்கே எரித்திரியா, மேற்கிலும் தெற்கிலும் எத்தியோப்பியா, தென்கிழக்கே சோமாலியாவின் சோமாலிலாந்துப் பகுதி. மக்கள்தொகை பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். அதில் பத்தில் ஏழு பேர் தலைநகரிலேயே வாழ்கிறார்கள். தலைநகரின் பெயரும் ஜிபூட்டிதான் என்பதால் பேச்சில் குழப்பம் வரும். உள்ளூர்க்காரர் 'நகரம்' என்றால் அது ஒன்றைத்தான் சொல்கிறார்.

நாட்டின் நடுவே கடல் உள்ளே புகுந்து தஜூரா வளைகுடாவாக நிற்கிறது. வளைகுடாவுக்கு வடக்கே தஜூரா, ஒபோக் மாகாணங்கள். தெற்கே அர்த்தா, அலி சபியே, டிகில். இந்த ஐந்தும் தலைநகரமும் சேர்ந்தால் நாடு முடிந்தது. தரை முழுக்க எரிமலைக் கல், முள்மரம், வறண்ட ஓடை. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை.

நிலநடுக்கம் வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். ஆப்பிரிக்கா, அரேபியா, சோமாலியா ஆகிய மூன்று நிலத்தட்டுகள் விலகிக்கொண்டிருக்கும் முனையில் இந்த நாடு அமர்ந்திருக்கிறது. சிறு அதிர்வுகள் அடிக்கடி வரும். 1978 நவம்பரில் அர்துகோபா எரிமலை வெடித்தபோது நிலம் கண்ணுக்குத் தெரிய விலகியது. அந்தக் கருப்பு லாவாவின் மேல் இன்றைக்கும் நடந்து பார்க்கலாம்.

2. துறைமுகம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் மருத்துவமனையில் வேலை பார்த்தாலும் சரி, இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊர் பிடிபடாது.

கதை நிலக்கரியில் தொடங்குகிறது. நீராவிக் கப்பல் காலத்தில் ஏடன் பிரிட்டிஷார் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் தங்கள் கப்பலுக்கு நிலக்கரி நிரப்ப ஓர் இடம் வேண்டியிருந்தது. 1862-ல் ஒபோக்கை ஒப்பந்தம் போட்டு வாங்கினார்கள். அங்கே துறைமுகம் சரியாக அமையாததால் வளைகுடாவின் தென்கரைக்கு வந்து 1888-ல் ஜிபூட்டி நகரத்தைத் தொடங்கினார்கள். பிறகு அங்கிருந்து எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு ரயில் பாதை போட்டார்கள். 1917-ல் அது முடிந்தபோது எத்தியோப்பியாவின் கடல் வாசல் இதுதான் என்று ஆனது.

இன்றைய பிழைப்பும் அந்த உறவில்தான். 1993-ல் எரித்திரியா தனி நாடானதும் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. அதன் பிறகும் எரித்திரியாவின் அசாப் துறைமுகத்தை அவர்கள் பயன்படுத்தி வந்தார்கள். 1998-ல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. சரக்கு மொத்தமும் ஜிபூட்டி பக்கம் திரும்பியது. இன்றைக்கு எத்தியோப்பியாவின் கடல் வாணிபத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த வழியாகத்தான் நடக்கிறது. பன்னிரண்டு கோடி பேருக்கு மேல் வாழும் நாட்டின் கோதுமை, உரம், பெட்ரோல், கார் எல்லாம் பத்து லட்சம் பேர் கொண்ட நாட்டின் தளத்தில் இறங்குகின்றன. அந்தக் கட்டணமும் வாடகையும்தான் இங்கே அரசாங்கத்தை நடத்துகின்றன.

நகரத்தை ஒட்டியிருப்பது பழைய துறைமுகம். மேற்கே டொராலே என்ற இடத்தில் புதியவை இருக்கின்றன: எண்ணெய் முனையம், 2009-ல் வந்த கன்டெய்னர் முனையம், 2017-ல் வந்த பல்நோக்குத் துறைமுகம். வளைகுடாவின் வடகரையில் தஜூராவிலும் 2017-ல் ஒன்று திறந்தார்கள். 2018-ல் பெரிய தடையற்ற வணிக மண்டலம் திறந்தது. கன்டெய்னர் முனையத்தை நடத்திவந்த துபாய் நிறுவனத்தின் உரிமத்தை அரசு 2018 பிப்ரவரியில் ரத்து செய்து தானே எடுத்துக்கொண்டது. அந்த வழக்குகள் வெளிநாட்டு நீதிமன்றங்களில் வருடக்கணக்காக நடந்தன. தொழில் தொடர்பாக வருபவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.

சரக்கு உள்நாட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று, சீனக் கடனில் கட்டிய மின்சார ரயில். சுமார் 750 கிலோமீட்டர், 2018 தொடக்கத்தில் முறையாக ஓடத் தொடங்கியது. நிலையம் நகருக்கு வெளியே நகாத் என்ற இடத்தில் இருக்கிறது. இன்னொன்று, லாரி. பெரும்பகுதி இன்னமும் லாரிதான். கலாஃபி எல்லையை நோக்கி எத்தியோப்பிய லாரிகள் நாள் முழுக்க வரிசையாகப் போகும்.

சரக்குத் தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. எத்தியோப்பியர்கள் நேரத்தைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ஓட்டுநர் "மூன்று மணிக்கு வந்துவிடுவேன்" என்றால் காலை ஒன்பதாகவும் இருக்கலாம். அவர்கள் நாட்காட்டியும் வேறு. பதின்மூன்று மாதம், வருடக் கணக்கு நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால். முதல் மாதத்திலேயே ஒரு லாரிக்காக நான் பாதி நாள் வெயிலில் காத்திருந்து, அது காலையிலேயே வந்து திரும்பிவிட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து, "உங்கள் நேரமா, வெளிநாட்டு நேரமா?" என்று கேட்காமல் எந்த நேரத்தையும் குறித்துக்கொண்டதில்லை. நீங்களும் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

3. போகும் மாதத்தை உங்களால் தேர்ந்தெடுக்க முடியுமானால்

நவம்பர் கேளுங்கள். அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை வெயில் தாங்கும். இரவில் காற்று நன்றாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கம்சின் என்ற சூடான காற்று மணலோடு அடிக்கும். அடுப்பின் முன்னால் முகத்தைக் காட்டியது போல இருக்கும். வசதி உள்ளவர்கள் அந்த மாதங்களில் எத்தியோப்பிய மலைப்பக்கமோ பிரான்சோ போய்விடுவார்கள். நகரத்தில் பாதிக் கடை மூடியிருக்கும்.

கோடையில்தான் சேர வேண்டும் என்றால், வெளியில் செய்யும் வேலைகள் எந்த நேரத்தில் என்று ஒப்பந்தம் போடும்போதே கேட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் உடம்பு பழகும் வரை மதியம் வெளியே நிற்காதீர்கள். தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும் கலந்து குடியுங்கள்.

நகரத்தில் வருட மழை 150 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஆனால் பெய்தால் ஒரே நாளில் கொட்டும். 2019 நவம்பரில் அப்படித்தான் ஊர் மிதந்தது. அம்பூலி வறண்ட ஓடைப் பக்கம் வீடு மலிவாகக் கிடைக்கும். தரைத்தளம் மட்டும் எடுக்காதீர்கள்.

4. காகிதங்கள்

இ-விசா இணையத்திலேயே வாங்கலாம். பயணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆனால் அது சுற்றிப் பார்க்கவும் குறுகிய வேலையாகப் போய்வரவும் மட்டும். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய, வேலை அனுமதியும் குடியிருப்பு அட்டையும் வேண்டும். இரண்டையும் வேலை தருபவர்தான் எடுத்துத் தர வேண்டும். "முதலில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பிப் போகாதீர்கள். செலவு யாருடையது, எத்தனை நாளில் கிடைக்கும், திரும்பும் டிக்கெட் யார் தருவது என்று எழுத்தில் வாங்குங்கள்.

படிப்புச் சான்றிதழ்களுக்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை ஊரிலிருந்தே செய்து எடுத்துப் போங்கள். அரசு அலுவலகங்களில் எல்லாம் பிரெஞ்சில் நடக்கும்.

நம் ஊரிலிருந்து துபாய் வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ போவதுதான் வழக்கம். அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு அந்த மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கேட்காவிட்டாலும் திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்கக்கூடும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா, டெங்கு இரண்டும் அங்கே உண்டு. கொசுவலை கொண்டு போங்கள்.

இந்தியத் தூதரகம் நகரத்திலேயே இருக்கிறது. போனதும் பெயரைப் பதிவு செய்யுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. 2015-ல் ஏமனில் போர் மூண்டபோது, ஏடனிலிருந்தும் ஹொதைதாவிலிருந்தும் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது இந்த ஜிபூட்டியில்தான். இங்கிருந்து விமானத்தில் கொச்சிக்கும் மும்பைக்கும் அனுப்பினார்கள். ராஹத் நடவடிக்கை என்று பெயர். 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த நடவடிக்கையில் ஊர் திரும்பினார்கள். அப்போது இங்கே நிரந்தரத் தூதரகம்கூட இல்லை. அந்தப் பக்கத்துக் கரையில் இப்போதும் அமைதி இல்லை என்பதால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தூதரகத்துக்குத் தெரிந்திருப்பது நல்லது.

5. பணம்

ஜிபூட்டி பிராங்கின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு டாலருக்கு 177.721 பிராங்க். 1973 முதல் இந்த எண் மாறவே இல்லை. ஆயிரம் பிராங்க் என்றால் ஐந்தரை டாலருக்குக் கொஞ்சம் மேல் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் டாலரில் பேசினாலும் பிராங்கில் பேசினாலும் நஷ்டமில்லை.

வங்கிக்கு வெளியே பணம் மாற்ற, நகரத்தின் மையத்தில் மஹ்மூத் ஹர்பி சதுக்கத்தின் பக்கம் மடியில் பையோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சரிஃப்லே என்பார்கள். ஊரே அவர்களிடம்தான் மாற்றுகிறது. நோட்டுக் கிழியாமல், கசங்காமல், புதிதாக இருக்க வேண்டும். கார்டு பெரிய ஓட்டலிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் மட்டும் செல்லும். முதல் மாதச் செலவுக்கு ரொக்கம் கொண்டு போங்கள்.

விலைவாசி உங்களை அதிர வைக்கும். காய்கறியும் பழமும் எத்தியோப்பியாவிலிருந்து வருகின்றன. மற்றவை கப்பலில் வருகின்றன. எல்லைச் சாலை ஒரு வாரம் அடைபட்டால் வெங்காய விலை ஏறிவிடும். பருப்பு, மசாலா, புளி ஆகியவற்றை ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். அரிசி அங்கேயே நன்றாகக் கிடைக்கும்.

6. வீடு, தண்ணீர், கரண்ட்

வெளிநாட்டுக்காரர்கள் ஹெரோன், ஹராமூஸ் பக்கம் இருப்பார்கள். வாடகை மிக அதிகம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்பலா, உழைப்பாளிகள் நெருக்கமாக வாழும் பெரிய பகுதி. பழைய நகரத்தின் மக்கள் குடியிருப்புகளை எண்ணால்தான் சொல்வார்கள்: ஒன்றாம் குடியிருப்பு, இரண்டாம் குடியிருப்பு என்று. கம்பெனி வீடு தந்தால் அதை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் ஊரைப் பார்த்துவிட்டு அப்புறம் மாறுங்கள்.

குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்கப் பாட்டில் தண்ணீர்தான். நிலத்தடி நீர் போதாமல் எத்தியோப்பியாவிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். டொராலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கிறது. மின்சாரத்தின் பெரும்பகுதியும் 2011 முதல் எத்தியோப்பியாவிலிருந்து கம்பியில் வருகிறது. 2023-ல் குபெத் பக்கம் 60 மெகாவாட் காற்றாலைப் பண்ணை திறந்தார்கள். இருந்தும் கோடையில் கரண்ட் போகும், கட்டணமும் அதிகம். வாடகை பேசும்போது ஏசி செலவு யாருடையது, ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். நம்ம ஊர் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது. ஐரோப்பிய இரண்டு முள் பிளக்குக்கு மாற்றி வாங்கிப் போங்கள்.

கடலடி இணையக் கேபிள்கள் பல இங்கே கரையேறுகின்றன. ஆனாலும் வீட்டு இணையம் விலை அதிகம்தான். அரசின் ஜிபூட்டி டெலிகாம் ஒன்றைத் தவிர வேறு சேவை இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கலாம்.

7. ஊரின் கடிகாரத்துக்குப் பழகுங்கள்

வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை. காலையில் சீக்கிரம் தொடங்கும். அரசு அலுவலகத்தில் உங்களுக்கு வேலை ஆக வேண்டுமா, காலை பத்து மணிக்குள் போங்கள்.

மதியம் ஒரு மணி வாக்கில் ஊர் ஒரே நேரத்தில் மாறுவதைப் பார்ப்பீர்கள். ஹாரன் சத்தம் கூடும், ஓட்டம் கூடும். எத்தியோப்பிய மலைகளிலிருந்து காத் இலை வந்து சேர்கிற நேரம் அது. பச்சையாக மெல்லும் போதை தரும் இலை. வாடினால் வீரியம் போய்விடும் என்பதால் தினமும் புதிதாக வர வேண்டும். சாலையோரம் பெண்கள் ஈரத்துணி போர்த்திக் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஆண்கள் வாங்கிக்கொண்டு மப்ராஸ் எனப்படும் உட்காரும் அறைகளுக்குப் போய்விடுவார்கள். மாலை நாலரை, ஐந்து வரை கடைகள் மூடிக் கிடக்கும். ஒரு சாதாரணக் குடும்பத்தின் வருமானத்தில் பெரிய பங்கை இந்த இலை தின்றுவிடுகிறது. என்னோடு வேலை பார்த்தவர்களின் வீடுகளில் அதைப் பார்த்து மனது கஷ்டப்பட்டிருக்கிறேன்.

உங்களுக்கும் அன்போடு நீட்டுவார்கள். நெஞ்சில் கைவைத்து, சிரித்து, வேண்டாம் என்றால் போதும். அங்கே அது சட்டப்படி விற்பதுதான். ஆனால் இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பிடிபட்டால் சிறை. பையில் ஒரு இலைகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் தரும் பார்சலை விமானத்துக்கு எடுத்துப் போகவே கூடாது.

டாக்ஸிகள் பச்சையும் வெள்ளையுமாக இருக்கும். மீட்டர் கிடையாது, ஏறும் முன் பேசுங்கள். ரமலானில் பகலில் வெளியிடங்களில் தின்னவோ குடிக்கவோ கூடாது.

8. மனிதர்களும் மொழியும் சாப்பாடும்

பிரெஞ்சும் அரபியும் ஆட்சிமொழிகள். வீட்டில் பேசுவது சோமாலியும் அஃபாரும். மக்களில் பெரும்பாலோர் சோமாலிகள், அவர்களில் ஈசா இனத்தவர் அதிகம். அஃபார்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில், வடக்கிலும் மேற்கிலும் அதிகம். ஏமன் அரபுக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. ஒருவரைப் பார்த்த உடனே எந்த இனம் என்று கேட்காதீர்கள். 1991 முதல் 1994 வரை அஃபார் கிளர்ச்சியாளர்களுக்கும் அரசுக்கும் உள்நாட்டுப் போர் நடந்திருக்கிறது. மீதமிருந்த பிரிவோடு கடைசி ஒப்பந்தம் 2001-ல்தான் ஆனது. அந்தக் கேள்வி சிலருக்கு வலிக்கும்.

இருபது பிரெஞ்சு வாக்கியங்களைக் கற்றுக்கொண்டு போங்கள். அதோடு சோமாலியில் 'நபத்' என்று வணக்கமும் 'மஹத்சனித்' என்று நன்றியும் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். 'நபத்' என்றால் அமைதி. நலம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். நேரே வேலைப் பேச்சுக்குப் போனால் முரட்டுத்தனமாக நினைப்பார்கள். வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்துவிட்டுத்தான் மற்றது.

சாப்பாட்டில் நமக்குச் சிரமமே இல்லை. லஹோ என்று புளித்த மாவில் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த மெல்லிய அப்பம், காலையில் தேனோடு தருவார்கள். முதல் வாயிலேயே ஊர் ஞாபகம் வரும். சபாயத் நம் பரோட்டாவுக்குச் சொந்தக்காரன். சம்பூசா சமோசாதான். ஏமன்காரர் கடையில் முழு மீனை இரண்டாகப் பிளந்து, மிளகாய் தடவி, தந்தூரில் ஒட்டிச் சுட்டு, பெரிய ரொட்டியோடு வைப்பார்கள். சம்பளம் வந்த முதல் வியாழக்கிழமை ராத்திரி அங்கே போய் உட்காருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சொந்தச் சமையலுக்குத் தயாராகப் போங்கள்.

9. அரசும், கேமராவும்

1977 ஜூன் 27-ல் பிரான்சிடமிருந்து விடுதலை. முதல் ஜனாதிபதி ஹசன் கூலெத் அப்திதோன். 1999-ல் இஸ்மாயில் உமர் கெல்லே வந்தார். இத்தனை வருடத்தில் நாடு கண்ட ஜனாதிபதிகள் இந்த இருவர்தான். அதிகாரம் ஜனாதிபதியிடம் குவிந்திருக்கிறது. 65 உறுப்பினர் கொண்ட தேசிய சபை உண்டு. ஆளும் கூட்டணிக்குத்தான் பெரும்பாலான இடங்கள். 2010-ல் எத்தனை முறை போட்டியிடலாம் என்ற வரம்பை நீக்கி, பதவிக் காலத்தை ஆறு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். 2025-ல் வேட்பாளருக்கு 75 வயது என்றிருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். 2021 தேர்தலில் கெல்லேவுக்கு 97 சதவீதத்துக்கு மேல் வாக்கு என்று அறிவித்தார்கள். ஜனாதிபதி ஈசா, பிரதமர் அஃபார் என்பது எழுதாத வழக்கம்.

சட்டம் பிரெஞ்சு முறையில் இருக்கிறது. குடும்ப விவகாரங்களில் இஸ்லாமிய நெறியும் சேரும். அதற்கு அடியில் குலப் பெரியவர்களின் வழக்காறு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஈசாக்களின் வாய்மொழிச் சட்டமான 'ஹேர்' 2024-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சாலை விபத்தில் சிக்கினால் காவல் நிலையத்தோடு பெரியவர்கள் பேச்சும் நடக்கும். உங்கள் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலரை உடனே கூப்பிடுங்கள்.

தொலைக்காட்சியும் 'லா நாசியோன்' நாளிதழும் அரசுடையவை. அரசியல் பேச்சைப் பொது இடத்திலும் சமூக ஊடகத்திலும் தவிர்த்துவிடுங்கள். விருந்தாளியாக வேலைக்குப் போயிருக்கும் நமக்கு அனுமதி அட்டையை ரத்து செய்ய ஒரு கையெழுத்துப் போதும்.

கேமரா விஷயம் இதைவிட முக்கியம். இந்தச் சின்ன நாட்டில் பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, சீனா ஆகிய ஐந்து நாட்டுப் படைத்தளங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் லெமோனியே முகாம் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்கு வருடம் சுமார் 6.3 கோடி டாலர் தருவதாக 2014-ல் ஒப்பந்தம் ஆனது. சீனாவின் முதல் வெளிநாட்டுத் தளம் 2017 ஆகஸ்டில் டொராலே பக்கத்தில் திறந்தது. வாசலில் நின்று கப்பல்களைக் காவல் காக்க ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு வாடகை வாங்குவது இந்த நாட்டின் இரண்டாவது தொழில் என்றே சொல்லலாம்.

ஆகவே துறைமுகம், விமான நிலையம், பாலம், அரசுக் கட்டடம், சீருடைக்காரர் எதையும் படம் பிடிக்காதீர்கள். சாயங்கால வெளிச்சத்தில் கிரேன்கள் அழகாகத் தெரிகின்றனவே என்று நான் ஒருமுறை போனை எடுத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒருவர் வந்து நின்றார். படங்களை அழித்து, விவரம் எழுதி, விடுவதற்கு இரவாகிவிட்டது. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் அன்றைய பயம் போக நாளானது. ஆட்களைப் படம் எடுக்கவும் கேட்டுவிட்டு எடுங்கள், முக்கியமாகப் பெண்களை.

10. நகரத்தை விட்டு ஒருமுறையாவது வெளியே போங்கள்

பலர் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு அறையையும் அலுவலகத்தையும் தவிர எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை அர்த்தா கடற்கரைப் பக்கம் திமிங்கலச் சுறாக்கள் வரும். படகில் போய் அவற்றோடு நீந்தலாம். வடக்கே கோடா மலையில் டே காடு இருக்கிறது. ஜூனிப்பர் மரங்கள் பட்டுப்போய்க்கொண்டிருக்கும் அந்தக் காட்டில், இந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஜிபூட்டி கௌதாரி வாழ்கிறது. எத்தியோப்பிய எல்லையில் அபே ஏரி. சுண்ணாம்புக் கல் தூண்கள் புகை கக்கியபடி நிற்கும். எரித்திரிய எல்லைப் பக்கம் மட்டும் வேண்டாம். 2008-ல் அங்கே இரு ராணுவமும் மோதியிருக்கின்றன.

முதல் பயணம் அசால் ஏரிக்குப் போங்கள். நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே, ஆப்பிரிக்காவிலேயே தாழ்ந்த இடம். தண்ணீர் கடலைவிடப் பத்து மடங்கு உப்பு. கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் படிந்து, நடுவில் நீலமும் பச்சையுமாக ஏரி. நூற்றாண்டுகளாக அஃபார்கள் இந்த உப்பை ஒட்டகத்தில் ஏற்றி எத்தியோப்பியாவுக்குக் கொண்டுபோய்த் தானியம் வாங்கி வந்தார்கள். லாரிச் சாலைக்கும் ரயிலுக்கும் முன்பே இந்த மண்ணில் நடந்த வாணிபம் அது.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, பாதை தெரிந்த ஓட்டுநர், ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், தொப்பி. விடிவதற்கு முன் கிளம்பி, பத்து மணிக்குள் பார்த்துவிட்டு ஏறிவிடுங்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் விளக்கில்லாத லாரியும் ஒட்டகமும் குறுக்கே வரும். உப்புப் பாறை காலைக் கிழிக்கும், பழைய செருப்போடு இறங்குங்கள். கால் கழுவத் தனியாக ஒரு கேன் நல்ல தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். இல்லையென்றால் திரும்பும் வழி முழுக்க எரியும். கரையில் அஃபார் பையன்கள் ஏரியில் உருண்டு திரண்ட உப்பு உருண்டைகளை விற்பார்கள். சில்லறையாக பிராங்க் எடுத்துப் போங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்.